புடோக்கான் வாசலிலிருந்து

டோக்கியோ,
ஏப்ரல் 2025

அன்பு மாப்ள,

உள்ளே போக முடியவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கடைசி வரி வரைக்கும் நீ அதையே தேடிக்கொண்டிருப்பாய்.

உன் அண்ணன் வைத்திருந்த பீட்டில்ஸ் டேப்பைத் தேயத் தேயக் கேட்ட நாளிலிருந்து இந்த இடத்தைப் பற்றி நாம் பேசாத பேச்சா? குதான்ஷிதா ஸ்டேஷனில் இறங்கி மேடேறினால் அரண்மனை அகழி. தண்ணீரே தெரியாத அளவுக்குச் செர்ரிப் பூ உதிர்ந்து மிதந்தது. பழைய கோட்டை வாசலைத் தாண்டியதும் அந்த எட்டு மூலைக் கூரை. நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் வாசல் முழுக்கக் கறுப்புக் கோட்டுப் பிள்ளைகள். இங்கே ஏப்ரலில்தான் கல்வியாண்டு தொடங்குகிறது. ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் புதுமுக மாணவர் விழா. காவலாளி இரண்டு கைகளையும் பெருக்கல் குறி போலப் பிடித்துக் காட்டினார். பிறகு குனிந்து மன்னிப்பும் கேட்டார். அவர் பேரில் தப்பே இல்லை, விசாரிக்காமல் வந்தவன் நான்தான். ஆனாலும் கண் கலங்கிவிட்டது.

சுற்றிச் சுற்றி வந்தேன். 1964 ஒலிம்பிக்கில் ஜூடோ போட்டிக்காகக் கட்டிய அரங்கம் இது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று, போரில் இறந்தவர்களுக்குப் பேரரசர் வந்து அஞ்சலி செலுத்துவதும் இங்கேதான். அப்படிப்பட்ட கூரையின் கீழ் 1966-இல் நான்கு இங்கிலாந்துப் பையன்கள் கிட்டாரோடு ஏறப்போகிறார்கள் என்றதும் ஊர் இரண்டுபட்டது. வீரக்கலைக் கூடம் தீட்டுப்படும் என்று வலதுசாரிகள் தெருவில் இறங்கினார்கள். பீட்டில்ஸ் தங்கிய ஓட்டல் மாடியைப் போலீஸ் வளைத்துக்கொண்டது. வெளியே விடாததால் நான்கு பேரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, நடுவில் விளக்கை வைத்துக்கொண்டு ஒரே தாளில் படம் வரைந்தார்களே, நினைவிருக்கிறதா? விளக்கு இருந்த வெள்ளை வட்டத்தில் கையெழுத்துப் போட்டார்கள். போன வருஷம் அது ஏலத்தில் 17 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது.

பசித்தது. சரிவில் இறங்கி ஜிம்போச்சோவுக்கு நடந்தேன். பழைய புத்தகக் கடைகளும் கறிக்கடைகளும் நிறைந்த தெரு. ஆமாம், கறிக்கடை. நம்ம 'கறி'தான் வெள்ளைக்காரன் வாயில் மாறி, மெய்ஜி காலத்தில் இங்கே வந்து 'கரே' ஆகியிருக்கிறது. மாடியில் ஒரு சின்னக் கடை. முதலில் அவித்த உருளைக்கிழங்கும் ஒரு துண்டு வெண்ணெயும் வந்தன. பிறகு குழைந்த சோறு, பக்கத்துக் கிண்ணத்தில் மாவு போட்டுக் கெட்டியாக்கிய, தித்திப்பாக ஒரு குழம்பு. சோற்றோரம் சிவப்பு ஊறுகாய், அதுவும் தித்திப்பு! புளிப்பில்லை, உறைப்பில்லை. பத்து நாளாக ரசத்துக்கு ஏங்கிக்கிடந்த நாக்கு இது. இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. கறி என்று பெயர் வைத்துவிட்டு இப்படிச் செய்யலாமா என்று மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது கடைக்கார அம்மாள் பக்கத்தில் வந்து, தெளிவான ஆங்கிலத்தில், மிளகாய்ப்பொடி வேண்டுமா என்று கேட்டார். எழுபதைத் தாண்டிய வயது. பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். கடை அவருடைய மகளுடையது. எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்றார். சொன்னேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னேன். கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"நான் போயிருக்கிறேன். 1966-இல். ஜூன் 30, முதல் நாள்."

மாப்ள, எனக்குப் பேச்சே வரவில்லை.

அப்போது அவருக்குப் பதினைந்து வயது. அஞ்சலட்டை எழுதிப் போட்டு, குலுக்கலில் விழுந்த சீட்டு. கச்சேரிக்குப் போனால் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவோம் என்று மிரட்டிய காலம் அது. அதனால் அப்பாவைக் கூட அழைத்துக்கொண்டு, சீருடையைத் தவிர்த்து, அத்தையின் பாவாடையில் போயிருக்கிறார். தரைத்தளத்தில் ரசிகர்களே இல்லை. சுற்றியுள்ள மாடங்களில்தான் இருக்கை. பார்வையாளர்களைப் பார்த்தபடி போலீஸ்காரர்கள் வரிசையாக. எழுந்து நிற்கக் கூடாது. பக்கத்துப் பெண் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு அழுதாளாம். முதல் நாள் மைக் நிலையாக நிற்காமல் திரும்பித் திரும்பிப் போனதையும், பாடிக்கொண்டே அதை இழுத்து இழுத்து வைத்ததையும் கையால் நடித்துக் காட்டினார். நாம் வீடியோவில் பார்த்த அதே காட்சி, அதைக் கண்ணால் பார்த்தவரின் கையில்!

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் ஏழு வயதிலிருந்து கோத்தோ என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியம் வாசித்தவர். காது பழகியது. மூன்று குரல்கள் சேரும் இடங்களில் சுருதி விலகியதை அவர் கேட்டிருக்கிறார். ஒரு தடவை இல்லை, பல தடவை. தன் காதில்தான் கோளாறு என்று பயந்துபோனார். வெளியே வந்ததும் எல்லோரும் அற்புதம் அற்புதம் என்கிறார்கள். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து ஏதோ ஒரு புத்தகத்தில், புடோக்கானில் கூட்டம் அமைதியாக இருந்ததால் பீட்டில்ஸுக்கே தங்கள் தப்பு கேட்டது என்று படித்தபோதுதான் மனசு ஆறியதாம். "அன்றைக்கு என்னோடு சேர்ந்து அவர்களும் கேட்டிருக்கிறார்கள்" என்றார்.

இதை நாமும் படித்திருக்கிறோம். ஆனால் படித்தது வேறு, இது வேறு. அதற்கு முந்தின வருஷம் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேர் போட்ட கூச்சலில், வாசித்தவர்களுக்குத் தாங்கள் வாசித்ததே கேட்கவில்லை. பாடுகிறவனுக்கு அவன் குரலைத் திருப்பிக் கொடுக்கும் ஸ்பீக்கர் அன்றைய மேடைகளில் கிடையாது. ஊர் ஊராக அப்படியே போய்விட்டு இங்கே வருகிறார்கள். இங்கேயும் பிள்ளைகள் கத்தத்தான் செய்தார்கள், பதிவில் கேட்கிறது. ஆனால் அந்தக் கத்தல் பாட்டை மூடவில்லை. அரை மணி நேரத்துக் கச்சேரியில், வெகுநாளைக்கு அப்புறம் தங்களைத் தாங்களே கேட்டிருக்கிறார்கள். அதுவும் எப்போது? 'ரிவால்வர்' இசைத்தட்டுக்காகக் கடைசிப் பதிவை முடித்த மறு வாரம்! ஸ்டுடியோவில் அப்படி ஒரு வேலையைச் செய்துவிட்டு வந்தவர்கள், மேடையில் அதிலிருந்து ஒரு பாட்டுகூடப் பாடவில்லை.

இங்கிருந்து மணிலா. அங்கே அதிபரின் மனைவி இமெல்டா மார்கோஸின் விருந்துக்குப் போகாததால் விமான நிலையத்தில் பிடித்துத் தள்ளினார்கள். ஆகஸ்ட் 29-இல் சான் பிரான்சிஸ்கோ. அதோடு ஊர் சுற்றிப் பாடுவதையே நிறுத்திவிட்டார்கள். மணிலாதான் காரணம், அமெரிக்காவில் கிளம்பிய எதிர்ப்புதான் காரணம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ, அந்த முடிவின் விதை புடோக்கானில் விழுந்தது என்றே தோன்றுகிறது. அடியும் தள்ளலும் ஆறிவிடும். தன் காதில் தானே கேட்ட அபஸ்வரம் ஒரு நல்ல பாட்டுக்காரனை விடுமா, சொல்.

சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அந்த அம்மாள் எடுத்துக்கொண்டு போய்ச் சுட வைத்து, மிளகாய்ப்பொடியும் தூவிக் கொண்டுவந்தார். இப்போது இறங்கியது. நன்றாகவே இருந்தது என்றுகூடச் சொல்வேன்.

கடைசியாக ஒன்று கேட்டேன். 2015-இல் பால் மெக்கார்ட்னி 49 வருஷம் கழித்து அதே புடோக்கானில் வந்து பாடினாரே, போனீர்களா?

போயிருக்கிறார். அப்போது வயது 64. அப்பா இல்லை, அவருக்குப் பதிலாகப் பேத்தி. "குரலுக்கு வயதாகிவிட்டது. உயரே போகும் இடங்களில் நடுங்கியது. எல்லாம் கேட்டது எனக்கு" என்றார். சற்று நேரம் மேஜையைத் துடைத்தார்.

"இந்தத் தடவை எழுந்து நின்றேன். கத்தினேன். மறுநாள் தொண்டையே இல்லை."

மாலையில் மறுபடியும் அகழிக்கரைக்குப் போனேன். விழா முடிந்து பிள்ளைகள் பூமரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அரங்கத்தின் கதவுகள் சாத்தியிருந்தன. உள்ளே போகாதது காலையில் வலித்த அளவுக்கு இப்போது வலிக்கவில்லை.

அண்ணனின் டேப் இன்னும் பரணில்தான் இருக்கும், தேடி எடுத்து வை. நாடா ஒட்டிப்போயிருந்தால் நீயாகப் பிரிக்காதே, நான் வந்ததும் பார்க்கலாம். அத்தையிடம் சொல், வந்து இறங்கும் அன்றைக்கு எனக்கு மிளகு ரசம் போதும்.

உன்
மாப்ள