விரால் வேட்டை

ஐப்பசி அடைமழையால் பாளையங்கோட்டையை அடுத்த எம்மூர்க் குளம் நிரம்பியபின், தூண்டிலும் தவளையுமாய்ப் பெரியப்பாவுடன் கரையேறுவது எமது வழக்கம். விராலுக்குச் செவுள்மட்டும் போதாது. இடையிடையே மேலே வந்து காற்றை விழுங்கியே உயிர்வாழ்வது அது. அவ்வாறு எழும் குமிழியே அதனைக் காட்டிக்கொடுக்கும்.

அதனினும் எளியதோர் உபாயமுண்டு. செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் திரண்டு மேல்நீரில் உலவுங்கால், அவற்றின்கீழே பெற்றோர் காவல்நிற்கும். அக்கூட்டத்திடையே தவளையை எறிந்தால், பசியில்லாத விராலும் பகையென்றெண்ணிப் பாய்ந்து கவ்வும். வீரமென்று ஊரார் கொண்டாடும் வேட்டை இதுவே.

"தம்பி, இப்போது எறி!" என்றார் பெரியப்பா.

யாம் எறிந்திலேம். காவல் நீங்கின் குஞ்சுகள் பிறமீன்களுக்கும் கொக்குக்கும் இரையாம் என்று முன்னொருநாள் சொன்னவர் அவரே. அதனை நினைவூட்டினோம்.

"அப்படியானால் இன்றைக்குக் குழம்புக்கு வழியென்ன?" என்று நகைத்தார்.

மறுகரைக் கோரைப்புதர்ப் பக்கம் தூண்டிலிட்டோம். அந்தியளவும் ஒன்றும் அகப்படவில்லை. வீட்டில் அன்று வெறும் புளிக்குழம்பே.