கூடத்துத் தரையும் மீன்தொட்டியும்

திருவண்ணாமலையின் பழைய வீதிகளில் எஞ்சியிருக்கும் ஓட்டு வீடுகளுள் நுழைந்து பார்த்தவர்கள் அறிவார்கள். அவ்வீடுகளின் கூடத்துத் தரை சமமாக இராது. சுவரோரத்திலிருந்து முற்றத்தை நோக்கி, கண்ணுக்குப் புலப்படாத அளவில் இறங்கிச் செல்லும். நடக்கும் கால்கள் அதனை உணர்வதில்லை. கைதவறி விழுந்த எலுமிச்சம்பழமோ தானாக உருண்டு முற்றத்தை அடைந்துவிடும். 2,668 அடி உயர மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் இது. மலைமேல் பெய்யும் மழை நாற்புறமும் இறங்கிக் குளங்களையும் ஏரிகளையும் தேடி ஓடுகிறது. ஊரின் இந்த வழக்கத்தையே நம் முன்னோர் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தனர் போலும்.

அத்தகைய வீடொன்றில் பல ஆண்டுகளாக நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கிறோம். தரையின் இயல்பை எங்களுக்கு எடுத்துரைத்தது ஒரு மீன்தொட்டி. வண்ணமீன் வாணிபத்துக்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூரில் எங்கள் தந்தையார் வாங்கி, பணி ஓய்வுக்குப் பின் தம் கையாலேயே பேணிவந்த தொட்டி அது. அவர் மறைந்தபின், 2025 தைத் திங்களில் அம்மா எங்களோடு வந்து சேர்ந்தார். எத்தனையோ பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு வந்தவர், இதை மட்டும் விட்டுவர மறுத்தார். தமது கட்டிலுக்கு அருகில், படுத்தபடியே பார்க்கும் வண்ணம், சுவரோரமாக அதை வைக்க வேண்டும் என்றார்.

இரும்புத் தாங்கியை நிறுத்தித் தொட்டியை அதன்மேல் ஏற்றி, முதலில் நான்கு குடம் நீர் மட்டும் ஊற்றிப் பார்த்தோம். மூன்றடி நீளத்துக்குள் நீரின் கோடு ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் அரை அங்குலம் வேறுபட்டு நின்றது. போதாக்குறைக்குத் தாங்கியும் ஒரு மூலையில் ஆடிற்று. அம்மாவின் முகம் மாறியது.

“வீடு சரியுதாப்பா?” என்று கேட்டார்.

அவ்வச்சத்தைப் பேதைமை என்று எவரும் ஒதுக்க இயலாது. ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், 2024 டிசம்பர் 1 அன்று, இம்மலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி வ.உ.சி. நகரில் ஒரு வீட்டைப் புதைத்தன. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறார். இரண்டு மாதம்கூட ஆகாத துயரம். எங்கள் வீடு அவ்விடத்துக்குத் தொலைவில் இருப்பினும், சரிவு என்ற சொல் எங்கள் நாவில் அன்று எளிதாக எழவில்லை. அம்மாவின் வினாவுக்கு எங்களிடம் விடையும் இல்லை. பழகிய மேஸ்திரி ஒருவரை அழைத்தோம்.

வந்தவர் மீன்தொட்டியை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நேரே நிலைவாசலுக்குச் சென்று தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். நூல் நிலைக்காலோடு ஒட்டி நின்றது. கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். சாயும் வீட்டில் முதலில் முரண்டு பிடிப்பது கதவுதானாம். சன்னல்களின் மேல்மூலைகளில் வெடிப்பு உண்டா என்று விரலால் தடவினார். இறுதியில் ஒரு செம்பு நீரைச் சுவரோரம் ஊற்றினார். அது எங்கும் தேங்காமல் முற்றத்துக்கு இறங்கிச் சலதாரையில் மறைந்தது. அமுங்கிய தரையாயின் ஓரிடத்தில் குட்டையாக நின்றிருக்கும்.

“வீடு நல்லாத்தாம்மா இருக்கு. தண்ணியும் சரியாத்தான் நிக்குது. கழுவிவுடறதுக்குன்னே அந்தக் காலத்துல போட்ட வாட்டம் இது” என்றார்.

வாட்டம்! பயிரின் வாட்டம், முகத்தின் வாட்டம் என்றே எழுதிப் பழகிய நமக்கு, கட்டடத் தொழிலாளர் நாவில் அச்சொல்லுக்கு இப்படியொரு பொருள் இருப்பது எத்துணை அழகு! நீர் தங்காமல் வழிந்தோட, தரைக்கு வேண்டுமென்றே கொடுக்கப்படும் சரிவே அவர்களுக்கு வாட்டம்.

உடனிருந்த உறவினர் ஒருவர், தரையைக் கொத்திவிட்டுச் சமமாக டைல்ஸ் பதித்துவிடலாமே என்றார். வீட்டுக்காரர் இசைந்தாலும் தாம் அதைச் செய்யப்போவதில்லை என்று மேஸ்திரி மறுத்துவிட்டார். கழுவும் நீர் பிறகு எங்கே போகும் என்பது அவர் கேள்வி. ஓடும் நீருக்காக அமைந்த தரையில், நிற்கும் நீருக்கு இடம் கேட்டவர்கள் நாங்கள். விட்டுக்கொடுக்க வேண்டியது தாங்கியேயன்றித் தரையன்று.

அவருக்குக் கவலை தந்தது சரிவைவிட அந்த ஆட்டமே. மூன்றடி நீளமும் ஓரடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டி நான்கரைக் கன அடி. விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 127 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ. கண்ணாடியும் கூழாங்கல்லும் சேர 150 கிலோவைத் தாண்டும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும். மூன்று கால்கள் எப்போதும் தரையைத் தொடும். நான்கு கால்களுக்கு அந்தப் பேறு இல்லை. ஒரு கால் தூக்கிக்கொண்டால் சுமை எதிரெதிர் மூலைகளில் ஏறி, தாங்கி முறுகுகிறது. இரும்பு முறுகும்; கண்ணாடி அவ்வாறு வளைந்துகொடுக்காது. சிலிக்கான் பசையால் ஒட்டிய மூட்டுகளே அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். அன்றே விரிசல் விடும் என்பதில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு நள்ளிரவிலும் விடலாம். அருகில் அம்மாவின் கட்டில்.

நீர் நிரப்பிய கண்ணாடிக்குழாய் போன்ற நெகிழிக் குழாயொன்றை மேஸ்திரி எடுத்தார். குமிழி ஒன்றும் இல்லாதவாறு தட்டித் தட்டி வெளியேற்றினார். குழாய் இடையில் எப்படி வளைந்து கிடந்தாலும், திறந்த இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உலகெங்கும் கொத்தர்கள் நம்பிவந்த சான்று அது. இங்குள்ள 217 அடி இராசகோபுரத்துக்கும் தண்ணீரை வைத்துத்தான் மட்டம் பார்த்திருப்பார்கள் என்று அவர் சொன்னார். அது அவருடைய ஊகம், எங்களுக்கும் பிடித்திருந்தது.

முற்றத்துப் பக்கக் கால்கள் இரண்டின் அடியிலும், பட்டறையில் வெட்டி வாங்கிய எவர்சில்வர் தகடுகளை அடுக்கினார். ஒரு மூலையில் தரைக்கல் தேய்ந்திருந்ததால் அங்கு மேலும் இரு மெல்லிய தகடுகள். மரத்துண்டு வேண்டாம் என்றார். ஈரத்தில் ஊறிப் பருக்கும், பின்பு மட்கும். கண்ணாடிக்கும் தாங்கிக்கும் இடையில் ஆப்பு எதையும் செருகக் கூடாது என்றும் எச்சரித்தார். அங்கே பலகையும் அதன்மேல் தெர்மாகோலும் மட்டும். தெர்மாகோல் சிறு மேடுபள்ளங்களை ஏற்குமேயன்றிச் சரிவைத் திருத்தாது. பின்னர் தாங்கியின்மேல் ரசமட்டத்தை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் மூலைக்கு மூலையும் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. தாங்கியை அசைத்தோம், ஆடவில்லை.

பாதியளவு நீர் நிரப்பி ஓரிரவு விட்டுவைத்தோம். நீர்மட்டத்துக்கு நேராக இரு முனைகளிலும் அம்மா காகிதத் துண்டுகளை ஒட்டினார். விடிந்ததும் முதலில் எழுந்து பார்த்தவரும் அவரே. கோடு இரண்டையும் தொட்டபடி நின்றது. மீதி நீரையும் நிரப்பி, மேலும் சில நாள் கழித்துத் தங்கமீன்களை விட்டோம்.

சனிக்கிழமை அம்மா கூடத்தைக் கழுவிவிட்டார். நீர் எவர்சில்வர் தகடுகளைச் சுற்றிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கிப் போயிற்று.