உயரத்தை அளக்கும் கோல்

கல்லூரி அணிக்கு விளையாட்டு வீரர்களைத் தேர்ந்து சேர்ப்பதைச் சிலர் வேட்டையாகக் கருதுகின்றனர்; சிலர் அழைப்பாகக் கருதுகின்றனர். இரண்டிலும் தேடுதல் உண்டு; கண்டடையும் மகிழ்ச்சியும் உண்டு. ஆயினும் வேட்டையாடியவனுக்குத் தன் கையில் கிடைத்ததன் எதிர்காலம் பற்றிக் கவலையில்லை. அழைத்தவனுக்கோ அந்தக் கவலையே கடமையாகிவிடுகிறது. இவ்வேறுபாட்டை எனக்குத் தெளிவாக உணர்த்தியது ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாறு.

அமெரிக்க நாட்டின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1855ஆம் ஆண்டு இயேசு சபைக் குருக்கள் தொடங்கிய கல்விக்கூடமே இன்றைய சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். அந்நாட்டுக் கல்லூரிகளில் விளையாட்டு வெறும் மாலைநேரப் பொழுதுபோக்கு அன்று. கல்லூரிகளின் சார்பாளர்கள் உயர்நிலைப் பள்ளிகளின் ஆட்டங்களைத் தேடிச் செல்வர். திறமையுள்ள மாணவரைக் கண்டால் பெற்றோரைச் சந்திப்பர். கல்விக் கட்டணம், உறைவிடம், உணவு, நூல்கள் அனைத்தையும் உள்ளடக்கிய உதவித்தொகையை அவர்கள்முன் வைப்பர். ஏழைக் குடும்பத்திற்கு அது எத்தகைய கதவு என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

1950களின் தொடக்கத்தில், விரிகுடாவின் மறுகரையிலுள்ள ஓக்லாந்து நகரின் மெக்லைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பில் ரஸ்ஸல் என்ற கறுப்பின மாணவர் கூடைப்பந்து ஆடிவந்தார். நெடிய உருவம், ஆனால் பந்தைக் கூடையில் இடுவதில் தேர்ச்சி போதாது. இளையோர் அணியிலிருந்தே நீக்கப்படவிருந்த அவரை ஜார்ஜ் பவுல்ஸ் என்ற பயிற்றுநர் கைவிடாமல் வைத்துக்கொண்டார். பல்கலைக்கழகத்தின் முன்னாள் ஆட்டக்காரரான ஹால் டிஜூலியோ அவரிடம் புள்ளிக் கணக்கில் தெரியாத ஒன்றைக் கண்டார்: ஆட்டத்தின் போக்கை முன்னுணரும் ஆற்றல். அதன் பயனாக உதவித்தொகை கிடைத்தது. வேறெந்தக் கல்லூரியும் ரஸ்ஸலை அழைக்கவில்லை.

பின்னர் நிகழ்ந்ததை உலகறியும். அவ்வணி 1955, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்றது. ரஸ்ஸல் 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றார்; பாஸ்டன் செல்டிக்ஸ் அணியுடன் 11 பட்டங்கள் வென்றார்; 1966இல் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்றுநரானார். ஆனால் என் உள்ளத்தைத் தொடுவது இப்பட்டியல் அன்று. 1954ஆம் ஆண்டின் இறுதியில் ஓக்லஹோமா நகருக்கு ஆடச் சென்றபோது, அணியிலிருந்த கறுப்பின மாணவர்களை ஏற்க விடுதிகள் மறுத்தன. அப்போது வெள்ளை மாணவர்கள் தனியே வசதியான இடம் தேடிப் போகவில்லை. ஆளில்லாதிருந்த ஒரு கல்லூரி உறைவிடத்தில் அணியினர் அனைவரும் ஒன்றாகத் தங்கினர். அழைக்கப்பட்டவனின் அவமானத்தில் பங்கேற்பதும் அழைப்பின் ஒரு பகுதியன்றோ!

அதே பல்கலைக்கழகத்தின் மற்றொரு முகத்தையும் காண்போம். புகழ் வளர்ந்தது, புகழைக் காக்கும் பதற்றமும் வளர்ந்தது. விதிகளை மீறியதற்காக அதன் கூடைப்பந்து அணி இருமுறை தண்டிக்கப்பட்டது. அதன்பின்னும், அணியின் ஆதரவாளரான செல்வர் ஒருவரிடமிருந்து, செய்யாத வேலைக்கு மாதம் 1,000 டாலர் பெற்றதாக ஆட்டக்காரர் ஒருவர் ஒப்புக்கொண்டார். 1982 ஜூலையில் பல்கலைக்கழகத் தலைவர் அருட்தந்தை ஜான் லோ ஷியாவோ, யாரும் கட்டாயப்படுத்தாமலே, அந்த அணியைக் கலைத்தார். இரு தேசியப் பட்டங்கள் பெற்ற அணி மூன்று பருவங்கள் களத்தில் இல்லை. 1985இல்தான் அது மீண்டும் தொடங்கப்பட்டது.

பணம் கொடுத்ததில் அப்படி என்ன தீங்கு, ஏழை மாணவன் பெற்றால் என்ன என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் நியாயமும் உண்டு. அவ்விளையாட்டுகளால் கல்லூரிகளும் பயிற்றுநர்களும் பெருஞ்செல்வம் ஈட்டியபோது, ஆடியவன் மட்டும் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. 1973 முதல் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அந்த உதவித்தொகையும் ஓராண்டுக்கே வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட வேண்டும். முழங்கால் முறிந்தவனின் படிப்பு, பிறருடைய விருப்பத்தில் தொங்கியது. அது அநீதி. ஆனால் செய்யாத வேலைக்கு மறைவாகக் கொடுத்த பணம் அந்த அநீதியைத் தீர்க்கவில்லை. உன் ஆட்டம் எங்களுக்கு வேண்டும், உன் உழைப்பும் உண்மையும் எங்களுக்குப் பொருட்டல்ல என்றே அது அந்த இளைஞனுக்குக் கற்பித்தது.

இன்று நிலைமை மாறியுள்ளது. 2021 முதல் அந்நாட்டுக் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்த விடுவதற்கு வெளிப்படையாகப் பணம் பெறலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதலாண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 இலட்சம் டாலர். மறைவு நீங்கியது நன்றே. எனினும் விலை வெளிப்படையானதால் மட்டும் வேட்டை அழைப்பாகிவிடாது. இயேசு சபைக் கல்வி மரபு வலியுறுத்துவது முழு மனிதனைப் பேணுதல். கால் முறிந்த பின்னும் அவன் முழு மனிதனே.

நம் நாட்டுக் கல்லூரிகளிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. சேர்க்கைக் காலத்தில் கபடி, கைப்பந்துச் சான்றிதழ்களை நெகிழி உறையில் வைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வரும் பிள்ளைகள் பலர். பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். நான் கடிதத்தில் உயரத்தையும் பதக்கத்தையும் எழுதுவதோடு நிறுத்துவதில்லை. அவன் குடும்பத்திலிருந்து கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் என்பதையும், எந்தப் பாடத்தில் அவனுக்குத் துணை தேவை என்பதையும் எழுதுகிறேன். போட்டிக்காக அவன் தவறவிடும் வகுப்புகளை யார் ஈடுசெய்வார்கள் என்றும் கேட்கிறேன்.

ஒருமுறை மகனுடன் வந்திருந்த தாயொருவர், கடிதத்தைக் கையில் வாங்கியபின் தயங்கி நின்றார். "சாமி, நாளைக்கு இவனால வெளையாட முடியாமப் போனா, படிக்க விடுவாங்களா?" என்று கேட்டார். கல்லூரி விதிமுறைகளில் அதற்கு விடை ஏதும் இல்லை. அந்த வினாவையே கடிதத்தின் அடியில் எழுதி, விடையை எழுத்தில் தருமாறு கல்லூரி முதல்வரை வேண்டினேன்.

சில நாள்களில் ஒற்றை வரியில் பதில் வந்தது. மூன்றாண்டும் படிக்கலாம் என்றிருந்தது. அத்தாய் அதை மகனின் சான்றிதழ்களுக்கு மேலாக, உறையின் முதல் தாளாக வைத்தார்.