எவிடெயா தாமசம்?

கிழக்கேகோட்டையில் வீடு எடுத்த முதல் வாரம். 2013ஆம் ஆண்டு. பேருந்துக்காக நின்றிருந்த என்னிடம் பக்கத்திலிருந்தவர் கேட்டார்: "சாரே, எவிடெயா தாமசம்?" ஏன் தாமதம் என்று கேட்கிறார் போலும் என்று நினைத்து, "பஸ் இன்னும் வரல" என்றேன். அவர் கேட்டது வேறு. மலையாளத்தில் தாமசம் என்றால் குடியிருப்பு. எங்கே குடியிருக்கிறீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறார். தமிழில் முதுகலை படித்து, மொழிபெயர்ப்பையும் தொழிலாக வைத்துக்கொண்டிருப்பவனுக்கு முதல் அடி நடைபாதையிலேயே விழுந்தது.

லண்டனில் இருக்கும் நண்பனிடம் ஊருக்கு வரும்போதெல்லாம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: அங்கே வாழ்வது எப்படி இருக்கிறது? அவன் வாடகையைப் பற்றியும் குளிரைப் பற்றியும் ஈஸ்ட்ஹாமில் கிடைக்கும் முருங்கைக்காயைப் பற்றியும் சொல்வான். என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் ஒரு தலைநகரில்தான் இருக்கிறேன். பத்து மணி நேர விமானப் பயணத்துக்கு அப்பால் இருப்பவனுக்குத் தான் வெளியூர்க்காரன் என்பதில் சந்தேகம் இல்லை. கிழக்கேகோட்டையில் அந்தத் தெளிவு கிடைக்காது.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. திருவிதாங்கூரின் தலைநகரம் 1795இல்தான் பத்மநாபபுரத்திலிருந்து இங்கே வந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு தலைநகரம் வடக்கே நகர்ந்து வந்தது என்று சொல்லலாம். திவான் ராஜா கேசவதாஸ் கோட்டைக்கு வெளியே சாலைக் கடைத்தெருவை வளர்த்தார். தெற்கேயிருந்து நாஞ்சில் நாட்டுச் சரக்கு வந்தது, கூடவே ஆட்களும் வந்தார்கள். பிறகு 1956 நவம்பர் 1. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நேசமணி தலைமையில் நடந்த போராட்டமும் 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூடும் அதற்குக் கொடுத்த விலை. தமிழர்கள் கேட்டது கிடைத்தது. ஆனால் சாலையில் கடை வைத்திருந்தவர்களும், கோட்டைக்குள்ளும் வலியசாலையிலும் கரமனையிலும் அக்ரஹாரங்களில் இருந்தவர்களும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எல்லைதான் நகர்ந்து போனது. களியக்காவிளை இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். காசர்கோடு 500 கிலோமீட்டருக்கும் அப்பால். ஒரு மாநிலத்தின் தலைநகரம் இப்படி ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருப்பது ஏன் என்று வடகேரளத்து நண்பர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. அவர்கள் அலுப்பில் நியாயம் இருக்கிறது.

சாலைக் கம்போளத்தில் காலையில் நடந்தால் இந்தக் கதை எதுவும் தேவைப்படாது. விலை தமிழில் கேட்டால் தமிழில் வரும், மலையாளத்தில் கேட்டால் மலையாளத்தில் வரும். சில கடைகளில் ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும். ஓணத்துக்கு அத்தப்பூக்களம் போடத் தோவாளைப் பூ வந்தாக வேண்டும். இந்தத் தெருவில் கடை நடத்தியபடியே ஆ. மாதவன் (1934-2021) தமிழில் கதை எழுதினார். தொகுதிக்கு 'கடைத்தெருக் கதைகள்' என்றே பெயர். நகுலன், நீல. பத்மநாபன் என்று இந்த ஊர்க்காரர்களை எடுத்துவிட்டால் நவீனத் தமிழ் இலக்கியத்தில் பெரிய ஓட்டை விழும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து எதிலிருந்து எடுத்தது? 1891இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்திலிருந்து. எழுதிய சுந்தரம் பிள்ளை இந்த ஊர் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். இதை நான் சொன்னபோது என் பக்கத்து வீட்டுக்காரர் நம்பவில்லை. சென்னை நண்பர்களும் நம்பவில்லை.

'ழ' விஷயத்தில் மட்டும் எனக்கு வெட்கம். "கிழக்கேகோட்ட, கிழக்கேகோட்ட" என்று நடத்துநர் கூவும்போது வரும் ழகரம், வாழைப்பழத்தை 'வாளப்பளம்' ஆக்கிவிட்ட என் மதுரைச் சொந்தங்களிடம் கிடையாது.

அந்த மதுரையை எரித்தவளுக்குத்தான் இங்கே ஆண்டுதோறும் பொங்கல். கண்ணகி ஆற்றுக்காலில் தங்கினாள் என்பது நம்பிக்கை. கும்ப மாதத்தில் ஆற்றுக்கால் பொங்காலை அன்று எங்கள் தெருவரைக்கும் செங்கல் அடுப்பு. புகையில் கண் திறக்க முடியாது. முதல் ஆண்டு எரிச்சல்பட்டேன். இப்போது வாசலில் அடுப்பு வைக்கும் கொல்லத்துப் பெண்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

புரட்டாசியில் வருவது வேறு ஊர்வலம். கம்பர் வழிபட்டதாக மரபு சொல்லும் சரஸ்வதி பத்மநாபபுரத்திலிருந்து புறப்படுகிறாள். கூடவே வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும். அரண்மனையில் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு. எல்லையில் இரு மாநிலக் காவல் துறையின் மரியாதை. அந்த அரண்மனையே ஒரு வேடிக்கை: இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. சரஸ்வதி பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் அமர்வாள். ஒவ்வொரு மாலையும் சுவாதித் திருநாள் கீர்த்தனைகள். கை தட்டக் கூடாது. பெண்கள் அங்கே பாடவும் கூடாது என்றிருந்த வழக்கத்தை 2006இல் பாறசாலை பொன்னம்மாள் பாடி முடித்துவைத்தார். கச்சேரி முடிந்த பிறகு வரும் அந்த மௌனத்தில் உட்கார்ந்திருக்கையில், எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்ற கேள்வி எழுவதில்லை.

வீட்டில்தான் எழுகிறது. 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தின்போது மதுரையிலிருந்து அப்பத்தா பதறிப்போய்த் தொலைபேசியில் கேட்டார். எட்டு வயது மகள் எடுத்தாள். "இங்க வெள்ளமே இல்ல அப்பத்தா, ரெண்டு நாளா இல்ல." அழகர் காப்பாற்றினார் என்று அப்பத்தா நிம்மதியாகப் படுத்துவிட்டார். அவள் சொன்னது குழாய்த் தண்ணீரை. அன்று சிரித்தோம். பிறகு ஒருநாள் அவள் எழுதிய தமிழ்க் கடிதத்தைப் பார்த்தேன். பாதி எழுத்து மலையாள வளைவில் இருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை மலையாளம் கட்டாயம். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தமிழ்நாட்டில் தமிழ் கட்டாயம் என்றபோது கை தட்டியவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். பத்து வாரம் நடந்தது, பிறகு நின்றது. குற்றம் என்னுடையது. மற்றவர் எழுத்தை மலையாளத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவர எனக்கு நேரம் இருந்தது.

போன மாதம் பள்ளிப் படிவம் ஒன்றை அவளே நிரப்பினாள். தாய்மொழி: தமிழ். நிரந்தர முகவரி என்ற இடத்தில் நான் எப்போதும் எழுதும் மதுரை வீட்டுக் கதவு எண்ணுக்குப் பதில் 'கிழக்கேகோட்டை, திருவனந்தபுரம்' என்று இருந்தது. நான் படித்துப் பார்த்துவிட்டு, கீழே பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.