11,263 கண்ணாடிச் சதுரங்கள்... புனிதர் ஒருவர்கூட இல்லாத தேவாலய ஜன்னல்!

ஜெர்மனியின் கொலோன் ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால், எதிரிலேயே 157 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது கொலோன் பேராலயம். 1248-ல் தொடங்கிய கட்டுமானம், நடுவில் சில நூற்றாண்டுகள் நின்றுபோய், 1880-ல்தான் முடிந்தது.

உள்ளே பல ஜன்னல்களில் விவிலியக் கதைகள், புனிதர்கள், அரசர்கள். ஆனால், சிலுவை வடிவக் கட்டடத்தின் தெற்குக் கையில் இருக்கும் பெரிய ஜன்னலில் யாருமே இல்லை! 113 சதுர மீட்டர் பரப்பு முழுக்க வெறும் சதுரங்கள். மொத்தம் 72 நிறங்கள்.

இங்கிருந்த பழைய ஓவியக் கண்ணாடி இரண்டாம் உலகப்போரில் அழிந்துவிட்டது. புதிய ஜன்னலை வடிவமைக்கும் பொறுப்பு ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரிடம் வந்தது. 20-ம் நூற்றாண்டில் விசுவாசத்துக்காக உயிர்நீத்தவர்களை வரைய வேண்டும் என்பதுதான் முதல் யோசனை. அது அவருக்குச் சரிவரவில்லை. 1974-ல் தான் வரைந்த '4096 நிறங்கள்' ஓவியத்தின் பிரதிமேல், ஜன்னல் வடிவில் வெட்டிய அட்டையை வைத்துப் பார்த்தார். வழி கிடைத்துவிட்டது.

பேராலயத்தின் பழைய ஜன்னல்களில் இருந்த நிறங்களையொட்டியே 72 நிறங்களும் தேர்வாகின. எந்த நிறம் எங்கே என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்தது. சில பகுதிகள் மட்டும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல ஒன்றுக்கொன்று எதிரொலிக்கும். இதற்காக ரிக்டர் சம்பளம் வாங்கவில்லை; செலவை நன்கொடையாளர்கள் ஏற்றார்கள்.

2007 ஆகஸ்ட் 25 அன்று ஜன்னல் திறக்கப்பட்டபோது, பேராயர் கர்தினால் யோவாகிம் மைஸ்னர் வரவில்லை. இது மசூதிக்கோ வேறு வழிபாட்டு இடத்துக்கோதான் பொருந்தும், நம் ஜன்னல் நம் விசுவாசத்தைக் காட்ட வேண்டும் என்பது அவர் கருத்து.

அவர் கவலையை ஒதுக்கிவிட முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கு இந்த ஜன்னல்கள்தான் வேதபாடம் சொல்லித்தந்தன. அதேசமயம், உருவமில்லாத ஜன்னல் திருச்சபைக்குப் புதிதும் அல்ல. 12-ம் நூற்றாண்டிலேயே சிஸ்டர்சியன் துறவிகள் படமும் நிறமும் வேண்டாமென்று, கோடுகளும் வளைவுகளும் பின்னிய வெள்ளைக் கண்ணாடிகளை வைத்தார்கள். அவர்களுக்கு வெளிச்சமே போதுமானதாக இருந்தது.

போகிறவர்கள், வெயில் உள்ள நாளில் நண்பகலை ஒட்டிப் போங்கள். திருப்பலி நேரத்தில் சுற்றிப்பார்க்க அனுமதி இல்லை. தெற்குச் சூரியன் ஏறும்போது சாம்பல் நிறத் தூண்களிலும் தரையிலும் சிவப்பு, நீலம், மஞ்சள் சிதறிக் கிடக்கும். கர்தினால் சொன்னது சரியா, ஓவியர் செய்தது சரியா என்பதை அங்கே நின்று நீங்களே முடிவு செய்யலாம்.