நெய்யரியின் நற்குணம்

நன்னூலார் கடைமாணாக்கனுக்கு நெய்யரி என்னும் பன்னாடையை உவமையாக்கினார். நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வது அதன் இயல்பு. மாணவனிடத்தில் குறையாகும் அவ்வியல்பே மோட்டார் வண்டியின் காற்று வடிகட்டியிடத்தில் நிறையாகின்றது.

எங்கள் குடும்பக் காருக்குப் புதிய வடிகட்டி வாங்கச் சென்றபோது கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்று மடிப்பு மடிப்பான காகிதத்தாலானது. மற்றது எண்ணெய் தோய்த்த பருத்தித் துணியாலானது. கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம், காற்றும் தாராளமாகச் செல்லும் என்றார். விலையோ பன்மடங்கு.

எஞ்சினுக்குக் காற்று மிகுதியாக வேண்டும் என்பது மெய்யே. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. ஆயினும் அக்காற்றோடு வரும் மணல் துகள் இரும்பினும் கடினமானது; சிலிண்டரின் சுவரை அராவிவிடும். எங்கள் திருச்செந்தூர்ப் பகுதியிலோ ஆடிக்காற்று தேரியின் செம்மணலை வாரி இறைக்கும். காற்றை எளிதில் விடும் துணி, நுண்துகளையும் எளிதில் விட்டுவிடக் கூடும்.

ஆகவே காகிதத்தையே தேர்ந்தேன். அதன் ரப்பர் விளிம்பு பெட்டியில் இடுக்கின்றிப் பொருந்துகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். இடுக்கு இருப்பின் எத்துணை உயர்ந்த வடிகட்டியாலும் பயனில்லை.

கசடு நிறைந்த பின்னும் மாற்றாது விட்டால் வண்டியின் வேகம் தளரும். கையேட்டில் குறித்த தொலைவு வந்ததும், புழுதி மிகுந்த ஊர்களில் அதற்கு முன்னரும், மாற்றிவிடுவதே அந்த நெய்யரிக்கு நாம் செய்யும் நீதி.