கொல்லிமலையில் ஒரு தம்ளர் காப்பி

மூன்று இராசாக்கள் திருநாள் கழிந்த வாரத்தில் கொல்லிமலைக்குச் சென்றுவர நேர்ந்தது. எங்கள் பங்கைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் மலைமேலுள்ள பள்ளியொன்றில் பணியாற்றுகிறார். புதிதாக வாடகைக்கு எடுத்திருந்த வீட்டை மந்திரித்துத் தரவேண்டுமென்று பலமுறை கேட்டிருந்தார். உபதேசியாரையும் உடன் அழைத்துக்கொண்டு விடியற்காலைத் திருப்பலி முடிந்த கையோடு புறப்பட்டேன். அவசரத்தில் காப்பி குடிக்கவில்லை. மலையில் போய்க் குடித்துக்கொள்ளலாம், காப்பி விளைகிற இடத்திலேயே குடிக்கலாமே என்று உபதேசியாரிடம் சொன்னேன். அந்த ஒரு சொல்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வரையில் சமவெளிப் பயணந்தான். அதற்கப்பால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். அது பயணிக்கு ஆறுதலா அச்சுறுத்தலா என்பது அவரவர் வயிற்றைப் பொறுத்தது. உபதேசியார் செபமாலையை எடுத்தார். ஐம்பத்து மூன்று மணி முடிந்தபோது வண்டி முப்பதாவது வளைவையே தாண்டியிருந்தது. மனிதர் அசராமல் மறுபடியும் தொடங்கினார்.

சாலை இல்லாத காலத்தில் இம்மலைக்கு ஏறியவர்களை நினைத்துக்கொண்டேன். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. அவனுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர், நம் பிரிந்த சகோதரர்களாகிய பிராண்ட் தம்பதியர் ஆங்கில நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறி மருத்துவமும் கல்வியும் தந்தார்கள். கணவர் ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் காய்ச்சலால் இம்மலையிலேயே இறந்தார். மனைவி ஈவ்லின் ஓய்வுபெறும் வயது வந்த பிறகும் மலைப் பணியை விடாமல், 1974-இல் இறக்கும்வரை இந்நாட்டிலேயே உழைத்தார். தொழுநோயாளரின் கைகளைச் செம்மைப்படுத்திய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அவர்களுடைய மகன். 1914-இல் பிறந்தவர். அவர்கள் நடந்து ஏறிய மலையில் நான் பேருந்தில் உட்கார்ந்துகொண்டு காப்பிக்காக ஏங்கியது சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

சோளக்காட்டில் இறங்கியதும் காற்றே வேறாக இருந்தது. சாலையின் இருபுறமும் உயர்ந்து நின்ற சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகள், அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள். அறுவடைக் காலமாதலால் செடிகளில் பழங்கள் பவழக் கொத்தாகச் சிவந்திருந்தன. இத்தனை காப்பிக்கு நடுவே ஒரு தேநீர்க் கடையில் போய் நின்று, "இரண்டு காப்பி" என்றேன். கடைக்காரர் ஒரு சிறு பொட்டலத்தைக் கிழித்துத் தம்ளரில் கொட்டி, பாலை ஊற்றி, உயரத் தூக்கி ஆற்றி நீட்டினார். தொழிற்சாலையில் செய்து பொட்டலமிட்ட உடனடிக் காப்பி!

"இங்கே விளைகிற காப்பி இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இங்க விளையறது எல்லாம் கீழே போயிடும், சாமி. குடிக்கிறது கீழே இருந்து வரும்."

பக்கத்துக் கடையில் 'மலைக் காப்பி' என்று அச்சிட்ட பொட்டலம் ஒன்று கண்ணில் பட்டது. ஆவலோடு வாங்கித் திருப்பிப் பார்த்தேன். சிறிய எழுத்தில் சிக்கரி 47 பங்கு என்றிருந்தது. சட்டப்படி குற்றமில்லை; கலவையில் நூற்றுக்கு 51 பங்கு காப்பி இருந்தால் போதும், விகிதத்தை உறைமீது எழுதவேண்டும், அவ்வளவே. சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். நம் நாட்டில் பெரும்பாலும் குஜராத்தில் பயிராகிறது. அதை வறுத்துப் பொடித்துச் சேர்த்தால் டிகாக்ஷன் கருமையாகவும் கெட்டியாகவும் இறங்கும். காப்பியின் மணமோ ஊக்கமோ அதில் இராது. நெப்போலியன் 1806-இல் ஆங்கிலேயர் வணிகத்தைத் தடுத்தபோது ஐரோப்பாவில் காப்பிக் கொட்டைக்குப் பஞ்சம் ஏற்பட்டு, சிக்கரிக்கு நல்ல காலம் பிறந்தது. அந்தப் பேரரசன் வீழ்ந்து இருநூறு ஆண்டு கடந்தும் அவன் கொடுத்த வாழ்வு நம் தம்ளரில் நீடிக்கிறது. சிக்கரி கலந்த காப்பியே பிடிக்கும் என்போரோடு எனக்குச் சண்டையில்லை. கும்பகோணத்தில் பிறந்த என் நண்பரான குருவானவர் ஒருவர் அதன் பொருட்டு மறைசாட்சியாகவும் ஆயத்தமாயிருக்கிறார்.

ஆசிரியை வீட்டை மந்திரித்து முடித்ததும் காப்பி வந்தது. அன்பாகக் கொடுத்தார்கள், குடித்தேன். அதுவும் நாமக்கல்லில் வாங்கிய பொடிதான். நான் சோளக்காட்டுக் கதையைச் சொல்லவும், அங்கிருந்த ஆசிரியையின் தம்பி உரக்கச் சிரித்தார். அவர் வெளிநாட்டு உல்லாசக் கப்பலொன்றில் உணவுக்கூடப் பணியாளர், விடுமுறையில் வந்திருந்தார்.

"எங்கள் கப்பலிலும் இதே கதைதான், ஃபாதர். மூவாயிரம் பயணிகள் வருவார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் இலவசமாகக் கிடைப்பது பாகுபோல் காய்ச்சி வைத்த காப்பியில் இயந்திரம் வெந்நீர் கலந்து தருவது. கொட்டையை அப்போதே அரைத்துப் போட்ட காப்பி வேண்டுமானால் வேறொரு தளத்துக்குப் போய்ப் பணம் கொடுக்கவேண்டும். ஒரு கோப்பை ஐந்து டாலர். நான் என் பெட்டியில் பித்தளைப் பில்டரைத் துணிக்குள் சுற்றி ஒளித்து வைத்திருக்கிறேன்."

சுற்றிலும் கடல், ஆனால் குடிப்பதற்கு நீரைச் சுத்திகரித்துத்தான் எடுக்கவேண்டும். இங்கே சுற்றிலும் காப்பித் தோட்டம். ஆனால் பொட்டலம் மலையேறி வரவேண்டும். கப்பல்காரருக்காவது ஒரு சாக்கு உண்டு. மலைக்கு என்ன சாக்கு?

"பக்கத்துத் தோட்டத்துத் தாத்தாவையே கேட்டுவிடலாம், சாமி" என்று ஆசிரியை எங்களை அழைத்துச் சென்றார்.

மலையாளிகள் எனப்படும் பழங்குடியைச் சேர்ந்த குடும்பம் அது. கேரளத்தாரோடு இப்பெயரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையில் வாழ்வதால் மலையாளிகள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிச் செய்தி. பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். ஓர் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலம். பலா, மிளகு, காப்பி. முற்றம் முழுதும் பழங்கள் உலர்ந்துகொண்டிருந்தன. காய்ந்தவை கறுத்துச் சுருங்கி, கையால் அள்ளினால் கலகலத்தன. இப்படிப் பழத்தோடு உலர்த்துவதைச் 'செர்ரி' என்கிறார்கள். தோலை நீக்கி, கொட்டையின்மேல் இருக்கும் வழவழப்பை ஊறவைத்துக் கழுவி, உட்தோலுடன் உலர்த்தினால் 'பார்ச்மெண்ட்'. அதற்கு நல்ல விலை உண்டு. ஆனால் தோல் நீக்கும் இயந்திரமும், தாராளமாகத் தண்ணீரும், பொறுக்கிப் பறிக்க ஆளும் வேண்டும். ஓர் ஏக்கர்க்காரர் பாயை விரித்து வெயிலை நம்பவேண்டியதுதான்.

"உங்கள் தோட்டத்துக் காப்பியைக் குடிக்க ஆசை, பெரியவரே" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் முகத்தில் ஒரு கூச்சம். "நாங்க இதைக் குடிக்கிறதில்லீங்க, சாமி. விருந்தாளி வந்தா கடையில பொட்டலம் வாங்குவோம்."

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காப்பி பயிரிடும் வீடு அது. கேழ்வரகுக் கூழும் சாமைச் சோறும் தம் நிலத்தில் விளைந்ததையே உண்டு வளர்ந்தவர்கள், காப்பியை மட்டும் பிறருக்கென்றே விளைவித்து, பிறரிடமே வாங்கிக் குடித்து வந்திருக்கிறார்கள். வியப்பதற்கில்லை. கூழைப்போலக் காப்பி அவர்கள் கேட்டு வந்த பயிரன்று. நம் பக்கத்து மலையாகிய ஏற்காட்டில் 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் காப்பியை நடச் செய்தார். துரைமார் தோட்டத்துப் பயிர், பின்னாளில் குடியானவன் கொல்லைக்கும் வந்தது. 1942-இல் காப்பி வாரியம் ஏற்பட்டபின், விளைந்ததையெல்லாம் வாரியத்திடமே ஒப்படைக்கவேண்டும் என்ற விதி இருந்தது. 1990-களில் அந்த விதி படிப்படியாக நீங்கியது. இப்போது யாருக்கும் விற்கலாம். யாருக்கும் என்பது ஏட்டில். நான் கண்டது வேறு.

பெரியவர் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்து, படியை உள்ளே விட்டவர், ஒரு கணம் தயங்கினார். பிறகு படியை நிரப்பி, விளிம்பைக் கையால் வழித்துவிட்டு, சுவரில் கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டார். அது எதற்கென்று கேட்டேன். சொல்ல விரும்பவில்லை. ஆசிரியைதான் பிறகு சொன்னார். பேத்தி கீழே நர்சிங் படிக்கிறாள். கட்டணத்துக்காக ஆனி மாதத்தில் ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். அதற்கு ஈடாக இவ்வாண்டின் மிளகும் காப்பியும் முழுவதும் அவருக்கே அளக்கவேண்டும். விலையும் அவர் சொல்வதே. அந்தச் சாக்கு நம்முடையதல்ல என்று எண்ணுகிற மனிதர், எங்களுக்காக எடுத்த ஒரு படியைத் தம் கணக்கில் எழுதிக்கொண்டார். அதற்குப் பணம் கொடுக்க முயன்றேன். "வீட்டுக்கு வந்தவங்ககிட்ட வாங்குவோமா?" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அதற்குமேல் வற்புறுத்துவது அவமதிப்பாகும்.

அந்த அம்மாள் செர்ரியை உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்தார். தோல் பறந்து, பச்சை கலந்த பழுப்பு நிறத்தில் கொட்டைகள் நின்றன. படி பாதியாகக் குறைந்துவிட்டது. வறுக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்கள். காப்பி வறுக்கக் கற்பிக்கவில்லை என்பதை அடுத்த பத்து நிமிடத்தில் எல்லாரும் அறிந்துகொண்டார்கள். தீ அதிகம், கை மெதுவு. மேலே கருகி உள்ளே வேகாத கொட்டைகளைக் கொல்லையில் கொட்டவேண்டியதாயிற்று. கரிக்கோட்டை நினைத்து எனக்கு நெஞ்சு சுட்டது.

மீதியை அந்த அம்மாள் எடுத்துக்கொண்டார். இரும்பு வாணலி, தணிந்த தீ, நிற்காத கை. முதலில் வைக்கோல் மணம், பிறகு சோளம் வறுபடும் மணம். கொட்டைகள் பழுப்பேறி, பொரிகடலைபோல் படபடவென வெடித்தன. வெடிப்பு அடங்கியதும் இறக்கி, முறத்தில் பரப்பி விசிறினார். எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "எள்ளு வறுக்கத் தெரிஞ்சா இதுவும் தெரியும்" என்றார். அம்மியில் பொடித்து, துணியில் கட்டி, கப்பல் தம்பி வெந்நீர் ஊற்றி வடித்தார். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. காப்பிக்கு அதுவே ஏற்ற சூடு என்றார் அவர். பொடி நுரைத்துப் பொங்கியது. பால் இல்லை. சிறிது வெல்லம்.

எப்படி இருந்தது என்று எழுதவேண்டுமல்லவா? கசப்பு முன்னே வரவில்லை. முதலில் ஒரு பழப்புளிப்பு, பிறகு வெல்லத்தோடு சேர்ந்த மணம், கடைசியில்தான் கசப்பு, அதுவும் நாவில் தங்காமல். உபதேசியார் சர்க்கரை நோயாளி. வெல்லம் வேண்டாமென்று வாங்கியவர் இரண்டாம் முறையும் தம்ளரை நீட்டினார். பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, தம்ளருக்குள் உற்றுப் பார்த்தார். "இதுவா அது?" என்றார்.

அப்போது தம்பி வாய் தவறிக் கப்பல் விலையைச் சொல்லிவிட்டார். ஒரு கிலோ கொட்டையை வறுத்தால் ஐம்பது கோப்பைக்குக் குறையாது என்றும் கணக்குச் சொன்னார். ஒரு கிலோ கொட்டைக்கு ஏறக்குறைய ஆறு கிலோ பழம் பறிக்கவேண்டும் என்பது பெரியவர் அறிந்த கணக்கு. ஐந்து டாலரை ரூபாயாக்கிச் சொல்லக் கேட்டு, இளைஞர் விளையாடுகிறார் என்றே அவர் நம்பினார். நாங்களும் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. அந்த அம்மாள் மட்டும் கணவரைப் பார்த்து, "வீட்டோரம் இருக்கிற ஏழு செடியை இனிமே அளக்க வேண்டாம்" என்றார். அவர் பதில் சொல்லவில்லை.

மாலைப் பேருந்தில் இறங்கினோம். இறங்கும்போது வளைவுகள் எழுபதிலிருந்து ஒன்றுக்கு வருகின்றன.

தவக்காலத்துக்குச் சற்று முன்னர் ஆசிரியை ஊருக்கு வந்தபோது, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் கொடுத்தார். வீட்டோரச் செடிகளில் கடைசியாகப் பறித்ததாம். இம்முறை பெரியவரே பிடிவாதமாக வறுத்திருக்கிறார். சற்றுக் கருகித்தான் இருந்தது. பாதியைத் தம்பி கப்பலுக்கு எடுத்துச் சென்றுவிட்டார். மீதியை நானும் உபதேசியாரும் ஒன்பது நாளில் தீர்த்தோம்.